முன் சக்கரத்தில் ஓர் உறுமல்: பழைய கார் நாட்குறிப்பு

மார்ச் 2

வண்டி: முன்சக்கரங்களில் இழுக்கும் ஹேட்ச்பேக், வயது 12, மீட்டரில் 1,18,000 கி.மீ. கைமாறி வந்தது. எதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூடக் கிடையாது. புகார் இரண்டு. வேகம் 50-ஐத் தாண்டினால் முன்பக்கம் 'ஊம்ம்' என்று ஓர் உறுமல். மெதுவாக உருளும்போது விட்டுவிட்டு 'சர்ர்... சர்ர்...' என்று ஓர் உரசல்.

இரண்டும் தனித்தனி என்றே வைத்துக்கொள்வது. பழைய வண்டி ஒரே சமயத்தில் இரண்டு மூன்று சத்தம் போடும். ஒன்றைச் சரிசெய்த பிறகும் 'இன்னும் போகவில்லையே' என்று நல்ல பாகத்தைக் கழற்றுவதில்தான் காசு வீணாகும்.

மார்ச் 3

ஓட்டிப் பார்த்தாயிற்று. கண்ணாடிகள் மேலே, ரேடியோ, ஏசி, புளோயர் எல்லாம் நிறுத்தம்.

நேரான காலிச் சாலையில் 70-ல் நியூட்ரல் (எஞ்சினை அணைக்கக் கூடாது, பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்). எஞ்சின் சுற்று இறங்கியது, உறுமல் இறங்கவில்லை. எஞ்சினும் கிளட்ச்சும் கணக்கிலிருந்து வெளியே. டிஃபரென்ஷியல் (விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) பேரிங் மட்டும் இன்னும் உள்ளே. அது நியூட்ரலிலும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும்.

அடுத்து 60-ல் மெல்ல இடமும் வலமும் வளைத்தது. இடப்பக்கம் வளைத்தால் பாரம் வலச் சக்கரத்தில் இறங்கும், உறுமல் தடித்தது. வலப்பக்கம் வளைத்தால் பாதியாகத் தேய்ந்தது. ஆக சந்தேகம் வலது முன்சக்கரத்தின் பேரிங் (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் குண்டு வளையம்). உள்ளே உட்கார்ந்திருக்கும் காதோ இடது என்று சத்தியம் செய்கிறது! சத்தம் தகட்டில் ஏறி எங்கோ போய் வெளியே வரும். காதைவிட வளைவு சொல்வதை நம்பலாம்.

உரசலை எண்ணிப் பார்த்தது. டயர் 175/65 ஆர்14, சுற்றளவு ஏறக்குறைய 1.83 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்று. உரசலும் நொடிக்கு மூன்று. சுற்றுக்கு ஒன்று என்றால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று ஓரிடத்தில் தட்டுகிறது. பிரேக்கை லேசாக மிதித்தாலும் மாறவில்லை, அதனால் தேய்ந்த பிரேக் பேடின் எச்சரிக்கை நாக்காக இருக்க வாய்ப்புக் குறைவு.

காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருகி, ஆக்சிலரேட்டர் கொடுத்து இருபக்கமும் வட்டம் போட்டது. 'டக் டக்' இல்லை. சிவி ஜாயிண்ட் (திரும்பும் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் மூட்டு) பிழைத்தது.

மார்ச் 4

பேரிங் வாங்குவதற்கு முன் டயர். உள்ளங்கையை டயர் பட்டன்மேல் முன்னும் பின்னும் தடவினால் தெரிந்துவிடும். முன் டயர் இரண்டிலும் ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த்திசையில் ரம்பப் பல். டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) தப்பியதன் அடையாளம். இப்படித் தேய்ந்த டயரின் சத்தம் பேரிங் உறுமலைப் போலவே இருக்கும், அனுபவக்காரர்களே ஏமாறும் இடம் இது.

காற்றைச் சரிபார்த்து, அந்தந்தப் பக்கத்திலேயே முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றி, அதே சாலை, அதே வேகம். சொரசொரப்பான சாலையில் வந்த இரைச்சல் பின்னால் போய்விட்டது; வழவழப்பான புதுத் தாரில் அடங்கியும் போகிறது. உறுமல் மட்டும் எந்தச் சாலையிலும் முன்னாலேயே நிற்கிறது.

மார்ச் 5

மழை, வேலை இல்லை. ஈரத்தில் நின்ற வண்டியைக் காலையில் நகர்த்தியபோது ஒரு கரகரப்பு: பிரேக் டிஸ்க்கில் படிந்த மேல்துரு. நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் போயிற்று. இதைச் சேர்க்கவில்லை.

மார்ச் 6

சமதளம், பின்சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக். வீல் நட்டுகளைத் தரையிலேயே தளர்த்தி, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கியது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடுவதில்லை.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வலப்பக்கம் மயிரிழை ஆட்டம். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் அதற்கு மேல் எதுவும் இல்லை, டை ராடு முனை (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) நன்று. மேல்-கீழ் ஆட்டம் பேரிங்காகவும் இருக்கலாம், பால் ஜாயிண்டாகவும் (சஸ்பென்ஷனின் குண்டு மூட்டு) இருக்கலாம். ஒருவர் பிரேக்கை அழுத்தியிருக்க மறுபடி ஆட்டினால் ஆட்டம் காணோம். பிரேக் பிடித்தால் ஹப்பும் (சக்கரம் மாட்டும் மையத் துண்டு) நக்கிளும் (பேரிங் உட்காரும் இரும்புக் கூடு) ஒன்றாக இறுகிவிடும். அப்போது மறையும் ஆட்டம் பேரிங்கினுடையது. பால் ஜாயிண்ட் என்றால் அப்போதும் ஆடியிருக்கும்.

ஆட்டம் இல்லாமலேயே கெட்ட பேரிங்குகளும் உண்டு. அதனால் இன்னொன்று: சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் விரல் நுனிகளை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுவது. இடப்பக்க ஸ்பிரிங் அமைதி. வலப்பக்க ஸ்பிரிங்கில் மணலை அரைப்பதுபோல் ஒரு குறுகுறுப்பு விரலில் ஏறுகிறது. இனிச் சந்தேகம் இல்லை.

உரசலும் பிடிபட்டது. டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள மெல்லிய தகட்டின் ஓரம் துருவேறி டிஸ்க் பக்கம் மடிந்திருக்கிறது. தகட்டில் பளபளவென்று ஒரு கோடு. டிஸ்க் விளிம்பின் துருத் திட்டு ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் அங்கே இடித்திருக்கிறது. திட்டைச் சுரண்டி, தகட்டைக் கையால் டிஸ்க்கிலிருந்து 3 மில்லிமீட்டர் விலக்கி வளைத்ததும் தீர்ந்தது. செலவு பூஜ்யம்.

மார்ச் 8

பேரிங் வேலை. ஆக்சில் நட்டின், கழலாமலிருக்க அடித்து மடித்த உதட்டை நிமிர்த்தி, சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்தியது. கேலிப்பரை (பிரேக் பேடை அழுத்தும் கவ்வி) கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. நக்கிளை ஸ்ட்ரட்டோடு (ஸ்பிரிங்கைத் தாங்கும் தூண்) சேர்க்கும் போல்ட்டுகளின் இருப்பைக் கோடு கிழித்து வைத்தது. மாறினால் கேம்பர் (சக்கரத்தின் மேல்-கீழ்ச் சாய்வு) மாறும்.

பிரஸ்ஸில் (அழுத்தித் தள்ளும் எந்திரம்) ஹப் வெளியே வந்தது, பேரிங்கின் உள்வளையத்தைக் கூடவே இழுத்துக்கொண்டு. கிரைண்டரால் வளையத்தில் முக்கால் ஆழம் வெட்டி, உளியால் ஒரே தட்டு. ஹப்பில் கீறல் விழவில்லை. சிர்க்கிளிப்பை (பேரிங் நகராமல் பிடிக்கும் வளையம்) கழற்றி மீதி பேரிங்கையும் தள்ளியாயிற்று. உள்ளே கிரீஸ், பால் கலந்த காப்பி நிறம். வளையத்தின் ஓட்டப்பாதையில் நகக்கண் அளவுக்குத் தோல் உரிந்திருக்கிறது. சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

புதியதைப் பொருத்துவதில் இரண்டு இடங்களில் தவறு நடக்கும். ஒன்று, ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) காந்த வளையம் பேரிங்கின் ஒரு முகத்தில் மட்டும்தான். மெல்லிய ஊசியை அருகே கொண்டுபோனால் அந்த முகம் லேசாக இழுக்கும். அது சென்சார் பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும், எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். இரண்டு, அழுத்தும் இடம். நக்கிளுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்தம். ஹப்பை நுழைக்கும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டு. குண்டுகள் வழியாக அழுத்தினால் ஓட்டப்பாதையில் குழி விழும், புதுப் பேரிங் முதல் நாளே பாடும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் இதே கதைதான்.

ஆக்சில் நட் புதியது. இறுக்கும் அளவு மாடலுக்கு மாடல் வெகுவாக மாறும், கையேட்டைப் பார்த்து டார்க் ரெஞ்ச்சால்தான் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்). பிரேக்கை ஒருவர் மிதித்திருக்க, சக்கரம் மேலே இருக்கும்போதே இறுக்கியது. தளர்ந்த நட்டோடு வண்டியின் பாரம் பேரிங்கில் இறங்கக் கூடாது. பிறகு உதட்டை அடித்தாயிற்று. வீல் நட்டுகள் குறுக்கு வரிசையில்.

இடப்பக்கப் பேரிங்கையும் சேர்த்து மாற்றலாமா என்ற பேச்சு வந்தது. வேண்டாம். பிரேக் பேடைப் போல ஜோடியாக மாற்றும் பாகம் இல்லை இது, நல்லதை இடிப்பானேன்.

மார்ச் 9

அதே சாலை, 70. உறுமல் இல்லை. இடமும் வலமும் வளைத்தாலும் ஒரே குரல். ஏபிஎஸ் விளக்கு அணைந்தே இருக்கிறது. வீல் அலைன்மெண்ட் பார்த்ததில் டோ தப்பித்தான் இருந்தது, திருத்தியாயிற்று.

மார்ச் 12

100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை ரெஞ்ச்சால் மறுபடி பார்த்தது, எதுவும் நகரவில்லை. ஓடி நின்றதும் வீல் நடுவில் கை வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பு. சொரசொரப்பான சாலையில் பின்னாலிருந்து இரைச்சல் இன்னும் வருகிறது: ரம்பப் பல் டயர்கள். ஓரத்திலுள்ள நாலிலக்கம் 2216, அதாவது 2016-ன் 22-ஆவது வாரத் தயாரிப்பு. அடுத்து மாற்ற வேண்டியவை அவை.