196 மதிப்பெண்ணும் குன்னூர் குடோனும்

எங்கள் ஊர் கோத்தகிரி பக்கத்தில் அரவேனு. அப்பா இலை வண்டி ஓட்டுகிறார். தோட்டம் தோட்டமாகப் போய் பசுந்தேயிலை மூட்டைகளை ஏற்றி ஃபேக்டரியில் இறக்குவது அவர் வேலை. அம்மா இலை பறிக்கப் போவார். எங்களுக்கெல்லாம் ஆடிட்டர் என்றால் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்து, மாலைக்குள் கீழே இறங்கிவிடுகிற ஒருவர். நான் 2022-ல் சிஏ (சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் படிப்பு) முடித்த பிறகு, ஊரில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கே வந்து "அக்கா, எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

2017-ல் ஊட்டி அரசுக் கல்லூரியில் பி.காம். முடித்தேன். வணிகவியல் பட்டதாரி 55 சதவீதம் வைத்திருந்தால் சிஏவின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேராக இரண்டாவது கட்டமான இண்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். நான் போனது அந்த வழி. கணினிப் பயிற்சியும் ஓரியண்டேஷன் வகுப்பும் நாலு வாரத்தில் முடிந்தன. அந்த அக்டோபரிலேயே ஆர்டிகிள்ஷிப், அதாவது ஒரு ஆடிட்டரிடம் வேலை பழகும் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். அப்போது அது மூன்று வருடம்.

சென்னையில் பெரிய கம்பெனியில் சேர்ந்தால்தான் மதிப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். ஹாஸ்டலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. குன்னூரில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன். காலை பஸ், மாலை பஸ். இன்று யோசித்தால், சென்னைக்குப் போயிருந்தால் இங்கே படித்த பாடம் எனக்குக் கிடைத்திருக்காது என்று நிச்சயமாகச் சொல்வேன்.

சேர்ந்த முதல் வாரமே சார் ஒரு ஃபேக்டரி கணக்கைக் கையில் கொடுத்து, "தேயிலை வருமானத்துக்கு வரி எப்படிம்மா?" என்று கேட்டார். படித்தது ஞாபகம் இருந்தது. வருமான வரி விதிகள் 1962, 8-ஆம் விதி: 40 சதவீதம் தொழில் வருமானம், 60 சதவீதம் விவசாய வருமானம். மளமளவென்று சொன்னேன்.

"சரி. இந்த ஃபேக்டரியில அரைக்கிற இலை யாருது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இலையைக் கொண்டுவந்து இறக்குவது என் அப்பா மாதிரி ஆட்கள். அது அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளின் இலை. சொந்தத் தோட்டத்து இலையைத் தானே தூளாக்கி விற்பவருக்குத்தான் 60:40. வெளியே வாங்கி அரைக்கும் ஃபேக்டரிக்கு லாபம் முழுவதும் தொழில் வருமானம். அந்த விவசாயி இலையாகவே விற்கிறார், அவருக்கு வருவது முழுக்க விவசாய வருமானம். ஒரே இலை, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வரி மாறுகிறது. புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்துவிட்டுப் போயிருந்த விஷயம்.

அடுத்த பாடம் 2018 மார்ச் 31 இரவு. ஃபேக்டரியில் ஸ்டாக் எடுக்க, அதாவது இருக்கிற சரக்கை எண்ணிப் பார்க்க, என்னையும் ஆர்டிகிள்ஷிப்பில் இருந்த இன்னொருவரையும் அனுப்பினார் சார். தூள் மூட்டைகள் சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொரு மூட்டையிலும் கிரேடு, இன்வாய்ஸ் எண், நிகர எடை எழுதியிருக்கும். எண்ணியதில் சாக்பீஸால் ஒரு கோடு. மூக்கு, தலைமுடி எல்லாம் தூள். இரண்டு தடவை எண்ணினோம், இரண்டு தடவையும் 286. புத்தகத்தில் 406. 120 மூட்டையைக் காணோம்! ஏதோ பெரிய திருட்டைப் பிடித்துவிட்டோம் என்று நடுங்கிக்கொண்டே சாருக்கு போன் செய்தேன்.

அவர் நிதானமாகக் கேட்டார்: "குன்னூர் குடோன்ல ஏலத்துக்குக் காத்திருக்கிற தூள் யாருதும்மா?"

விற்பனையாகும் வரை அது ஃபேக்டரியின் சரக்குதான். மறுநாள் குடோன்காரருக்குக் கடிதம் அனுப்பி, அவர் கைவசம் எத்தனை மூட்டை என்று எழுத்தில் கேட்டு வாங்கினோம். 120 சரியாக இருந்தது. ஆடிட்டிங் தரங்களில் 501-ம் 505-ம் இதைத்தான் சொல்கின்றன. சரக்கை நேரில் பார், மூன்றாமவர் கையில் இருப்பதை அவரிடமே உறுதி செய். தேர்வில் அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் எனக்கு அந்தச் சாக்பீஸ் கோடுகள்தான் கண்ணில் வந்தன.

அப்புறம் தேர்வு. சிஏவில் ஒவ்வொரு பேப்பரிலும் 40 எடுக்க வேண்டும், பல பேப்பர்கள் சேர்ந்த குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018 நவம்பரில் இண்டர்மீடியட் முதல் குரூப் எழுதினேன். நவம்பர் என்றால் மலையில் மழை. எங்கே மண் சரியும், எங்கே மரம் விழும் என்று தெரியாது. தேர்வோ மதியம் 2 மணிக்கு கோயம்புத்தூரில். அதனால் முன்கூட்டியே மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் போய்த் தங்கிவிட்டேன். மலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் சொல்வேன், தேர்வன்று காலை மலை இறங்கலாம் என்று இருக்காதீர்கள்.

ரிசல்ட்: அக்கவுண்டிங் 45, சட்டம் 43, காஸ்டிங் 46, வரி 62. நாலிலும் பாஸ் மார்க். கூட்டினால் 196. வேண்டியது 200. நாலு மார்க்கில் குரூப் போய்விட்டது. அம்மாவுக்கு அது புரியவே இல்லை. "எல்லாத்துலயும் பாஸ்னுதானே போட்டிருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் 60 அல்லது அதற்கு மேல் எடுத்த பேப்பருக்கு எக்ஸெம்ப்ஷன் உண்டு, அதைத் திரும்ப எழுத வேண்டாம். வரியில் எடுத்த 62 அடுத்த மூன்று அட்டெம்ப்ட் வரை கணக்கில் நிற்கும். ஆகவே மீதி மூன்று பேப்பரில் 138 போதும். 2019 மே மாதம் 51, 47, 48 எடுத்துத் தேறினேன். என்ன மாற்றினேன் என்றால், எழுதிப் பார்த்தேன். அவ்வளவுதான். நான் தமிழ் மீடியம். சட்டம் புரியும், ஆங்கிலத்தில் மூன்று மணி நேரத்துக்குள் பதிலாக வராது. தினமும் ஒரு பழைய கேள்வியை எடுத்து, கடிகாரம் வைத்துக்கொண்டு, விதி, அதன் பொருத்தம், முடிவு என்று மூன்று பத்தி எழுதினேன். உங்களுக்கும் அதே பயம் இருந்தால் இங்கிருந்து ஆரம்பியுங்கள். வாசித்து வாசித்துத் தீராது.

இரண்டாவது குரூப் 2019 நவம்பரில். கடைசிக் கட்டமான ஃபைனல் 2021 ஜூலையில் எழுதி இரண்டு குரூப்பும் போயின. டிசம்பரில் ஒன்று தேறினேன், 2022 மே மாதம் மற்றது. ஆர்டிகிள்ஷிப் முடிந்து உதவித்தொகையும் நின்றுபோன அந்த மாதங்களில் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது விதிகள் மாறியிருக்கின்றன. 2023 ஜூலையிலிருந்து ஆர்டிகிள்ஷிப் இரண்டு வருடம்தான், ஆனால் இண்டர் இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் சேர முடியும். இண்டரிலும் ஃபைனலிலும் எட்டாக இருந்த பேப்பர்கள் ஆறாகிவிட்டன. என்னைப் போல வேலை பார்த்துக்கொண்டே இண்டர் எழுத இனி வழியில்லை. அந்த ஃபேக்டரி அனுபவம் இண்டருக்கு முன்னால் கிடைக்காதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

பாஸ் செய்தவுடன் கையெழுத்துப் போட முடியாது. ஆடிட்டர்களின் அமைப்பான ஐசிஏஐயில் உறுப்பினராகப் பதிந்து, தொழில் செய்வதற்கான சான்றிதழும் வாங்க வேண்டும். ஆறு இலக்க உறுப்பினர் எண் வரும். கோத்தகிரியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தேன்.

முதலில் வந்தவர் ஒரு இலை ஏஜெண்ட் அண்ணன். பேங்கில் லோன் கேட்டிருக்கிறார், வியாபார வரவுக்குச் சான்றிதழ் வேண்டும். அவர் கணக்கில் வருடத்துக்கு 38 லட்சம் வந்திருந்தது. அதை அப்படியே எழுதித் தரச் சொன்னார்.

"இதுல உங்களது எவ்வளவுண்ணா?" என்றேன்.

ஃபேக்டரி போடும் பணத்தை விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுப்பவர் அவர். ஃபேக்டரி ஸ்டேட்மெண்டையும் பட்டுவாடா நோட்டையும் இரண்டு நாள் ஒப்பிட்டுப் பார்த்து, கமிஷன் தொகையை மட்டும் எழுதினேன். அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் வாங்கிக்கொண்டார். ஐசிஏஐ போர்ட்டலில் யூடின் எடுத்தேன், அந்தச் சான்றிதழுக்கான தனி அடையாள எண், 18 இலக்கம். முதல் இரண்டு இலக்கம் அந்த வருடத்தைக் குறிக்கும், அடுத்த ஆறு என் உறுப்பினர் எண். அதைச் சான்றிதழின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.