கூபர் பீடியில் ஜன்னல் தேவையில்லை

ஆஸ்திரேலியாவை மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தபோது, அடுத்து கூபர் பீடிக்குப் போகிறேன் என்று அடிலெய்டில் யாரிடம் சொன்னாலும் திரும்பி வந்த கேள்வி ஒன்றுதான்: "ஜனவரியிலா?" அங்கே ஜனவரி என்றால் உச்சக் கோடை, 45 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. வெயிலுக்குப் பயந்து மண்ணுக்குள் குடிபோன ஊரை வெயில் காலத்தில் பார்க்காமல் வேறு எப்போது பார்ப்பது?

அடிலெய்டிலிருந்து வடக்கே 846 கிலோமீட்டர். மாலையில் ஏறினால் பஸ் விடிவதற்கு முன்பே இறக்கிவிட்டுவிடும். போர்ட் அகஸ்டாவைத் தாண்டி ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் போகப் போக ஊர்கள் குறைந்து, கிளெண்டம்போவுக்கு அப்புறம் சுமார் 250 கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. எதிரே ரோடு ட்ரெயின்கள் வரும். ஒரே லாரி, பின்னால் மூன்று டிரெய்லர், மொத்தம் 53 மீட்டர் நீளம். ஒவ்வொன்றும் கடக்கும்போது பஸ் ஒரு ஆட்டம் ஆடும். தூங்கலாம் என்று நினைத்து ஏற வேண்டாம்.

வெளிச்சம் வந்ததும் ஊரைப் பார்த்தால், அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. துருப்பிடித்த இயந்திரங்கள், வெளுத்த தகரம், ஏதோ சினிமா படப்பிடிப்புக்காகச் செய்து அப்படியே விட்டுப்போன ஒரு விண்கலம். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெளிர் நிறத்தில் கூம்பு கூம்பாக மண்குவியல்கள். ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் ஒரு குழி உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பல குழிகளை மூடுவதே இல்லை. 'பின்பக்கமாக நடக்காதீர்கள்' என்று சாலையோரப் பலகைகள் எச்சரிக்கின்றன. போட்டோ எடுக்கிற ஆசையில் இரண்டு அடி பின்னால் வைப்பவர்களுக்கான எச்சரிக்கை அது.

எல்லாம் ஓப்பல் என்ற ரத்தினக் கல்லுக்காக. 1915 பிப்ரவரியில் தங்கம் தேடி வந்த ஒரு குழுவில் வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுச் சிறுவனும் இருந்தான். தங்கம் கிடைக்கவில்லை. பையன் கண்ணில் ஓப்பல் பட்டது. முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் இங்கே வந்து, குழிக்குள்ளேயே குடியிருக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து கிரேக்கர்கள், செர்பியர்கள், குரோஷியர்கள், இத்தாலியர்கள் என்று கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

நான் தங்கியதும் நிலத்தடி அறையில்தான். இங்கே இதை டக்அவுட் என்கிறார்கள். குன்றின் பக்கவாட்டில் ஒரு கதவு, உள்ளே இளஞ்சிவப்புக் கல் சுவர், அதில் குடையும் இயந்திரம் விட்டுப்போன வளைவு வளைவான கீறல்கள். தூண் இல்லை, உத்தரம் இல்லை. பாறை தானே தாங்கிக்கொள்கிறது. தூசி உதிராமல் இருக்கச் சுவருக்கு ஒரு பூச்சு. காற்றுக்கு மேல்நோக்கி ஒரு குழாய். வெளியே 44 டிகிரி கொளுத்தியபோது உள்ளே 24 இருந்திருக்கும், ஏசி இல்லாமல். ஆனால் விளக்கை அணைத்தால் கண்ணை மூடுவதும் திறப்பதும் ஒன்றுதான். காலையா நள்ளிரவா என்று போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அது பிடித்தது. பக்கத்து அறைக்காரர் மறுநாளே தரைக்கு மேலே ஒரு மோட்டலுக்கு மாறிவிட்டார்.

விடுதிக்கு அடிக்கடி வந்துபோன ஒரு வயதான சுரங்கக்காரர்தான் இந்த ஊரை எனக்குப் புரியவைத்தார். ஓப்பல் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல நம்பகமான வழி எதுவும் கிடையாதாம். அதனால் பெரிய கம்பெனிகளுக்கு இதில் ருசி இல்லை. தனி ஆள் ஒரு துண்டு நிலத்துக்கு உரிமம் வாங்கி, மூலைக்கு மூலை முளையடித்து, கூட்டாளி ஒருவரோடு தோண்டுகிறார். வருடக்கணக்கில் ஒன்றும் கிடைக்காது. அப்புறம் ஒரு மதியத்தில் கிடைக்கும், அல்லது கடைசிவரை கிடைக்காது. ஊருக்குள் சுரங்கம் தோண்டத் தடை இருக்கிறது, வீட்டை விரிவாக்கத் தடை இல்லை. "இந்த ஊரில் ஏன் எல்லோருக்கும் இத்தனை படுக்கையறை தேவைப்படுகிறது, யோசித்தாயா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

வெடிமருந்து ஒரு காலத்தில் இங்கே வீட்டுச் சாமான் மாதிரிதான். திறந்தவெளி டிரைவ்-இன் தியேட்டரில், வெடிபொருள்களை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று திரையில் அறிவிப்புப் போடுவது வழக்கம்.

செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தைத் தவறவிடக் கூடாது. 1993இல் திறந்தது, முழுக்கப் பாறைக்குள். வளைந்த உயரமான கூரை, சுவரிலேயே செதுக்கிய புனிதர்கள். கல் தேடப் பழகிய கைகள் கோயிலைக் குடைந்தால் இப்படித்தான் வரும் என்று தோன்றியது.

ஊருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் தாண்டி கன்கு-பிரேக்அவேஸ். அந்தாகிரிஞ்ஜா மாட்டு-யாங்குனிட்ஜட்ஜாரா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். நுழைவு அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். மாலை வெயிலில் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக மேசைக் குன்றுகள் நிற்கும் இந்த வெளி, சுமார் 11 கோடி வருடங்களுக்கு முன் கடலாக இருந்தது. 1987இல் கூபர் பீடியில் கிடைத்த ஒரு கடல்வாழ் ஊர்வனவின் எலும்புகள் ஓப்பலாகவே மாறியிருந்தன. எரிக் என்று பெயர் சூட்டப்பட்ட அது இப்போது சிட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே டிங்கோ வேலி. தெற்கே மேயும் ஆடுகளைக் காட்டுநாய்களிடமிருந்து காக்க 5,600 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிற கம்பிவேலி. நேரில் பார்த்தால் சாதாரண வேலிதான். ஈக்களுக்கு மட்டும் வேலி இல்லை. தலையில் மாட்டும் ஒரு வலை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜுவல்லர்ஸ் ஷாப் ரோட்டில் பொதுமக்கள் கழிவு மண்ணைக் கிளறிக் கல் தேட அனுமதி உண்டு. நூட்லிங் என்பார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். எனக்குக் கிடைத்ததெல்லாம் பாட்ச், அதாவது நிறம் காட்டாத ஓப்பல், காசு பெறாது. கடையில் வாங்குவதாக இருந்தால் முழுக்கல்லா, டிரிப்லெட்டா என்று கேளுங்கள். டிரிப்லெட் என்பது மெல்லிய ஓப்பல் சீவலுக்குக் கீழே கறுப்புத் தகடு, மேலே கண்ணாடியோ குவார்ட்ஸோ வைத்து ஒட்டியது. அழகாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் தண்ணீரில் ஊறினால் பசை மங்கிவிடும். நான் அதைத்தான் வாங்கினேன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு இன்னும் 690 கிலோமீட்டர் பாக்கி, பர்ஸையும் பார்க்க வேண்டுமே.