மூன்றாவது டைல்

2025 ஜனவரி 6, திங்கள்

81.6. இடுப்பு 98 செ.மீ. கழுத்து 38. ஏப்ரல் 9 கல்லீரல் ஸ்கேனுக்கு 93 நாள்.

எடை பார்க்கும் முறையை இன்றே முடிவு செய்துவிட வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது. எழுந்ததும், கக்கூஸ் போய்வந்த பிறகு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், அதே அரைக்கால் சட்டையோடு. மெஷினை மிதியடி மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். கெட்டியான, சமமான தரை வேண்டும். குளியலறைக்கு வெளியே மூன்றாவது டைலில் கோலிக்குண்டு வைத்தால் உருளாமல் நிற்கிறது. அதுதான் இடம்.

ஜனவரி 7

மெஷினுக்கே சோதனை. வெறும் ஆளாக ஏறினால் 81.4. இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறினால் 102.2. காலிக் கேன் 0.8. கணக்கு சரி. இந்த மெஷின் உண்மை எடையைச் சொல்கிறதா என்பதைவிட, வித்தியாசத்தைச் சரியாகச் சொல்கிறதா என்பதுதான் முக்கியம்.

ஜனவரி 9

மூன்று தடவை ஏறினாலும் 81.5, 81.5, 81.5. நம்பாதே. மலிவான டிஜிட்டல் மெஷின்கள் பலவற்றில், புது எடை பழைய எடைக்குப் பக்கத்தில் இருந்தால் பழையதையே திருப்பிக் காட்டும் ஏற்பாடு உண்டு. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறி, இறக்கிவிட்டு மறுபடி ஏறினால்: 81.7. இனி தினமும் அரிசி மூட்டை.

ஜனவரி 10

பஸ்கி 25, தண்டால் 8. படி இறங்க முடியவில்லை.

ஜனவரி 12

வார சராசரி 81.5. ஏழு காலை எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்தது. தனி நாள் எண்ணுக்கு இனி மரியாதை கிடையாது.

ஏன் என்று ஒரு தரம் எழுதிவைக்கிறேன், பிறகு கோபம் வரும்போது படிக்க. தினம் 400 கலோரி குறைந்தால் வாரத்துக்கு 2,800. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. ஆக வாரத்துக்கு 360 கிராம், ஒரு நாளைக்கு 50 கிராம். உப்பு, தண்ணீர், குடலில் இருப்பது, இவற்றால் மட்டும் எடை ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும். ஒரு கிலோ ஆட்டத்துக்குள் 50 கிராமைத் தேடுவது, ஆடும் தராசில் பூ நிறுப்பது மாதிரி. மூன்று நான்கு வாரம் போகாமல் எதுவும் தெரியாது. இதில் மன உறுதி எங்கே வருகிறது? வெறும் வகுத்தல் கணக்கு.

ஜனவரி 14

81.3. வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், வடை, மறுபடி சர்க்கரைப் பொங்கல்.

ஜனவரி 16

82.8.

இரண்டே நாளில் ஒன்றரை கிலோ. இது கொழுப்பு என்றால், செலவழித்தது போக 11,500 கலோரி கூடுதலாகத் தின்றிருக்க வேண்டும். அவ்வளவு பொங்கல் பானையிலேயே இல்லை.

நடந்தது இதுதான். மாவுச்சத்து கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேரும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் கூடவே சுமார் மூன்று கிராம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். 200 கிராம் சேர்ந்தாலே 800 கிராம் எடை. அதற்கு மேல் வடை, ஊறுகாய், அப்பளத்து உப்பு. சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உடம்பும் ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் தண்ணீரைப் பிடித்துவைக்கும், சிறுநீரகம் உப்பை வெளியேற்றும்வரை. மூன்றாவது காரணம் பஸ்கி. பழக்கமில்லாத தசை பயிற்சியில் நைந்து, அங்கே நீர் கோக்கும். தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரம் எடை ஏறுவது இதனால்தான். அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டும் காலையில் எரிச்சல்.

ஜனவரி 19

சராசரி 81.9. போன வாரத்தைவிட 400 கிராம் அதிகம். ஜனவரி 12-ஐப் படித்தேன்.

ஜனவரி 23

டேப் பற்றி. தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப் நாளாக நாளாக நீளும். இரும்பு ஸ்கேலை மூன்று தரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில், வீட்டு டேப்பின் 90, ஸ்கேலில் 91. நீண்ட டேப் இடுப்பைக் குறைத்துக் காட்டும், முன்னேற்றம் மாதிரியே இருக்கும். நல்லவேளை, 6-ஆம் தேதி அளந்தது ஃபைபர் டேப். துணி டேப் தையல் டப்பாவுக்கே போகட்டும்.

இடுப்பை இரண்டு இடத்தில் அளப்பார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் அளப்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. ஆண்களுக்குத் தொப்புள் மட்டத்தில் அளப்பது, உடல் கொழுப்பு சதவீதத்தைக் கணிக்கும் அமெரிக்கக் கடற்படைச் சூத்திரத்துக்கு. இரண்டும் ஒரே எண் தராது, கலக்கக் கூடாது. இங்கே தொப்புள்தான், கடைசிவரை. டேப் முதுகுப்பக்கம் சரியாமல் தரைக்கு இணையாக ஓட வேண்டும், கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பிப் பார்த்தால் தெரியும். சாதாரணமாக மூச்சுவிட்டு முடிந்த இடத்தில், வயிற்றை எக்காமல், டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. மூன்று தடவை அளந்து நடு எண்ணை எழுது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும்.

ஜனவரி 24

97.5. ஏன் அளந்தேன்?

பிப்ரவரி 3

வார சராசரி 80.6. இடுப்பு 96.5, கழுத்து 38.

உயரம் 170-ஐயும் சேர்த்துக் கடற்படைச் சூத்திரத்தில் போட்டால் கொழுப்பு 26.9 சதவீதத்திலிருந்து 26-க்கு வந்திருக்கிறது. ஆனால் இதே சூத்திரத்தில் டேப் ஒரு செ.மீ. பிசகினால் 0.6 சதவீதம் மாறும். முக்கால் மாத உழைப்பு, டேப்பைக் கொஞ்சம் இறுக்கினால் அரை நொடியில் கிடைத்துவிடும். சதவீதத்தை எழுதப் போவதில்லை. சென்டிமீட்டர் போதும்.

பிப்ரவரி 8

நடை மட்டும் போதுமா? 80 கிலோ ஆள் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் நடந்தால் சுமார் 210 கலோரி. இதில் சும்மா உட்கார்ந்திருந்தாலே 60 போயிருக்கும். நடையின் சம்பாத்தியம் 150. வாரம் ஆறு நாள் என்றால் 900. ஒரு கிலோவுக்கு எட்டரை வாரம். கைக்கடிகாரம் சும்மா இருக்கும் செலவையும் சேர்த்தே பெரும்பாலும் காட்டுகிறது. அதை நம்பி இரண்டு வடை சாப்பிட்டால் நடை அங்கேயே முடிந்தது.

அதனால் சமையலறைதான் மீதி 250-ஐத் தர வேண்டும்.

பிப்ரவரி 12

80.6.

பிப்ரவரி 13

80.7.

பிப்ரவரி 14

80.6. அரிசி மூட்டையோடு ஏறி இறங்கியும் 80.6.

பிப்ரவரி 16

சராசரி 80.6. இரண்டு வாரத்துக்கு முன்பும் இதே 80.6.

சோற்றைக் குறைக்கத்தான் கை போகும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பஸ்கி 25-லிருந்து 40, தண்டால் 8-லிருந்து 15. பலம் ஏறுகிறது, ஆக உணவு ஒரேயடியாகக் குறைந்துவிடவில்லை. பெல்ட் மூன்றாவது துளைக்கு வந்துவிட்டது (துளைக்குத் துளை இரண்டரை செ.மீ.). புரதம்: நான்கு முட்டை 25 கிராம், உலர்ந்த சோயா 50 கிராமில் 26, பருப்பு 75 கிராமில் 17, தயிர் 300 கிராமில் 10, சோறும் இட்லியும் சேர்ந்து 20. மொத்தம் 98. கிலோவுக்கு 1.2. குறைந்தபட்சம் அது. 1.6 வரை போனால் நல்லது, வயிறு இடம் கொடுக்கவில்லை.

எண்ணெயை யாரும் கரண்டியால் அளந்து ஊற்ற மாட்டார்கள். பாக்கெட் பிரிக்கும் தேதியை அதன்மேல் எழுதினால் போதும். ஒரு லிட்டர் சுமார் 910 கிராம், 8,200 கலோரி. மூன்று பேர் வீட்டில் 12 நாளில் தீர்ந்தால் ஆளுக்குத் தினம் 228 கலோரி. 20 நாள் வந்தால் 137. சண்டை போடாமல் 90 கலோரி. இந்தப் பாக்கெட் பிரித்தது ஜனவரி 29. இன்னும் கால்வாசி இருக்கிறது.

எதையும் மாற்றுவதில்லை. இன்னும் ஒரு வாரம்.

பிப்ரவரி 18

79.6!

முந்தாநாள் 80.5. சிலருக்கு இப்படித்தான் இறங்கும், வாரக்கணக்கில் அசையாமல் இருந்துவிட்டு ஒரே இரவில். 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 36 பேரை அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தபோது, கொழுப்பும் தசையும் கரைந்துகொண்டிருக்கையிலேயே அவர்கள் உடம்பில் நீர் தேங்கியது, கணுக்கால் வீங்கியது. இழப்பின் ஒரு பகுதியைத் தண்ணீர் மறைத்தது. அது கடுமையான பட்டினி, இது ஒன்றுமில்லை. ஆனால் மறைக்கும் தண்ணீர் ஒன்றுதான்.

பிப்ரவரி 27

78.4. சிவராத்திரி விரதம்.

காலிக் குடல், காலிக் கிளைகோஜன். தெரியும். இருந்தாலும் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மார்ச் 1

79.6. கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

மார்ச் 3

இடுப்பு 94.5. முதல் நான்கு வாரச் சராசரி 81.25, அடுத்த நான்கு வாரம் 80.0. பொங்கலும் சிவராத்திரியும் உள்ளே கரைந்துவிட்டன. இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடலாம்.

மார்ச் 8

உள்ளங்கால் படும் இடத்தில் எஃகுத் தகடு வைத்த மெஷின். காலையில் கொழுப்பு 29.4, சாயங்காலம் 26.8. பன்னிரண்டு மணி நேரத்தில் எந்தக் கொழுப்பு எங்கே போயிற்று? மெல்லிய மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது. வயிற்றை அது பெரிதாகப் பார்ப்பதே இல்லை. உடம்பில் தண்ணீர் கூடினால் மின்சாரம் சுலபமாக ஓடும், கொழுப்பு குறைவு என்று மெஷின் முடிவுகட்டும். மீதியை வயதையும் உயரத்தையும் வைத்து ஊகிக்கிறது.

மார்ச் 11

2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 22.3. கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடையும் உயரமும் நம் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விடுவது அவ்வளவு. இந்திய ஆண்களுக்கு இடுப்பு எல்லை 90 செ.மீ., பெண்களுக்கு 80. இங்கே இன்னும் நாலரை மிச்சம்.

மார்ச் 15

போன ஸ்கேன் சீட்டில் கல்லீரல் கொழுப்புக்கு எழுதியிருந்தது 'கிரேடு 2'. ஸ்கேனில் கிரேடு என்பது, பக்கத்துச் சிறுநீரகத்தோடு ஒப்பிட்டால் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்று கண்ணால் மதிப்பிடுவது. டேப்பைவிடக் கரடுமுரடான அளவு. அதற்குத்தான் இத்தனை நாளும் காத்திருப்பு.

எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும், வீக்கம் தணிய 7 முதல் 10 வேண்டும் என்பார்கள். 5 என்றால் 77.5. ஆனால் எடை அசையாதபோதும் உடற்பயிற்சியால் கல்லீரல் கொழுப்பு இறங்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 80.6-லேயே நின்ற அந்த இரண்டு வாரம் உள்ளே என்ன நடந்ததோ, மூன்றாவது டைலுக்குத் தெரியாது.

மார்ச் 20

வெயில் ஏறிவிட்டது. நடைக்கு முன் 78.9, பின் 78.3. இரண்டு சொம்பு தண்ணீரில் திரும்பி வந்துவிட்டது. வேர்வை கொழுப்பு இல்லை. பத்து கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ மூச்சுக் காற்றில் கரியமில வாயுவாகப் போகும், 1.6 கிலோதான் நீராகும். வயிற்றில் பிளாஸ்டிக் பெல்ட் கட்டி நடப்பவர்களுக்கு வேர்க்குரு நிச்சயம்.

மார்ச் 26

மெஷினில் ஏறவில்லை.

மார்ச் 31

வார சராசரி 78.1. இடுப்பு 93. கழுத்து 37.5. பஸ்கி 60. எழுந்ததும் நாடித்துடிப்பு 70, ஜனவரியில் 78.

ஏப்ரல் 4

77.9. ஐந்து நாள், 400 கிராம். ஒரு நாள் சோறு விட்டால் வந்துவிடும், உப்பை விட்டால் அதற்கு முன்பே. வந்து? ஸ்கேன் மெஷினில் ஏறி நிற்கப் போவதில்லை, படுக்கத்தான் போகிறோம்.

ஏப்ரல் 6

78.2. சாம்பாரில் உப்பு.

ஏப்ரல் 8

எட்டு மணி நேரம் வெறும் வயிறு என்று சீட்டில் இருக்கிறது. இரவு ஒன்பதுக்குள் இட்லி. காலையில் எப்படியும் 77.5-க்குக் கீழேதான் காட்டும், எழுதுவதா வேண்டாமா