ஒரே வண்டி, இரண்டு மீட்டர்

ஏப்ரல் பாதி தாண்டினால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் போன் ஓயாது. நான் வேலை பார்ப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம், பெரிய மோட்டார்ஹோம்களை, அதாவது உள்ளேயே தங்கிக்கொள்ளும் வீட்டு வண்டிகளைப் பழுது பார்க்கும் இடத்தில். குளிர்காலத்தை இங்கே கழிக்க வந்த ஓய்வுபெற்றவர்கள், வெயில் ஏறுவதற்குள் வடக்கே கிளம்பும் சமயம் அது. ஃபீனிக்ஸ் இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி உயரத்தில். 145 மைல் தள்ளியிருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் கிட்டத்தட்ட 7,000 அடி. நடுவில் இன்டர்ஸ்டேட் 17 நெடுஞ்சாலை. பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டியதும் சன்செட் பாயின்ட் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நாற்பதடி வண்டி, உள்ளே ஒரு வீட்டுச் சாமான், பின்னால் கட்டி இழுக்கும் கார். மாதக்கணக்கில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத டிரான்ஸ்மிஷன் (கியர் பாக்ஸ்) வெப்ப மீட்டர், அந்த ஏற்றத்தில்தான் எல்லோர் கண்ணிலும் படும்.

“220 காட்டுகிறதே, இது நார்மலா?”

முதல் இரண்டு வருடம் இதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கையேட்டை அப்படியே ஒப்பிப்பேன். இந்த அளவு டீசல் வண்டிகளில் பெரும்பாலும் அலிசன் கம்பெனியின் 3000 அல்லது 4000 வரிசை ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்தான் இருக்கும். அதன் அடித்தொட்டியான சம்ப்பில் தேங்கும் ஆயில் 160 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் வழக்கமான நிலை. 250-ஐத் தொட்டால் அதிகச் சூடு. செல்சியஸில் சொன்னால் 71 முதல் 93 வரை, அப்புறம் 121. “220 கொஞ்சம் அதிகம்தான், கொண்டு வாருங்கள்” என்று முடித்துவிடுவேன். அந்த எண்ணை வண்டியின் எந்த இடத்தில் அளக்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

தோன்ற வைத்தவர் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவர் வண்டியில் இரண்டு மீட்டர்கள் இருந்தன. கம்பெனி கொடுத்த டாஷ்போர்டில் 195. வண்டியை அவருக்கு விற்றவர் தனியாக மாட்டியிருந்த மீட்டரில் 245. “இரண்டில் எது பொய் சொல்கிறது?” என்று கேட்டார். நான் பெரிய எண்ணை நம்பினேன். பயம் எப்போதும் பெரிய எண் பக்கம்தானே சாயும். விலை கூடிய சிந்தெடிக் ஆயில், ஃபில்டர்கள் எல்லாவற்றையும் மாற்றிச் சோதனை ஓட்டம் போனேன். அதே ஏற்றம், அதே 195, அதே 245.

எங்கள் ஃபோர்மேன் ஒன்றும் பேசாமல் வண்டிக்கடியில் போனார். இரண்டாவது மீட்டரின் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போய், கியர் பாக்ஸிலிருந்து கூலருக்குப் போகும் ஹோஸில் சென்சார் இருப்பதைக் காட்டினார். பொய் சொன்னது இரண்டு மீட்டரும் இல்லை. ஆயில் மிகச் சூடாக இருப்பது, எஞ்சினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரை விட்டு வெளியே வரும் அந்த இடத்தில்தான். அங்கே எல்லை 300 டிகிரி. கூலரில் ஆறி, சுற்றி வந்து சம்ப்பில் விழுந்த பிறகு அதே ஆயில்தான் 195. முதலாளி லேபரைத் தள்ளுபடி செய்தார். ஆயில் காசைப் பெரியவர் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஊரில் நான் பழகிய பஸ்களில் கியர் பாக்ஸுக்கு வெப்ப மீட்டரே கிடையாது. கிளட்ச் தேய்ந்தால் நாற்றமே சொல்லிவிடும். ஆட்டோமேட்டிக்கில் அப்படி இல்லை. டார்க் கன்வர்ட்டர் என்பது ஆயிலுக்குள் எதிரெதிரே வைத்த இரண்டு ஃபேன்கள் மாதிரி. ஒன்று ஆயிலைத் தள்ள, மற்றது சுற்றும். இரண்டுக்கும் நடுவில் வழுக்குகிற வேகமெல்லாம் சூடாக மாறும். லாக்-அப் கிளட்ச் பிடித்துவிட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும், சூடு இறங்கும். ஆகவே, ஏற்றத்தைவிட ஆபத்து, ஏற்றத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்வது. வேகம் குறையக் குறைய லாக்-அப் விட்டுப்போகும், சூடு மளமளவென்று ஏறும். கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி ஒரு கியர் குறையுங்கள் என்று சொன்னால் பாதிப் பேர் கேட்பதில்லை, எஞ்சின் சத்தம் அவர்களுக்குப் பயம். அந்தச் சத்தத்தோடு, சூட்டை ஆற்றும் கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பும் வேகமாகச் சுற்றுகிறது என்று விளக்கினாலும் சிலர் தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

இன்னொரு பாடம் ரேடியேட்டரில் கிடைத்தது. இந்த வண்டிகளில் கியர் பாக்ஸ் ஆயிலை ஆற்றுவது காற்று இல்லை, எஞ்சினின் கூலன்ட். தெர்மோஸ்டாட் திறப்பதே 180 டிகிரி வாக்கில் என்னும்போது, நெடுஞ்சாலையில் ஆயில் 180-க்கும் 200-க்கும் நடுவில் நிற்பதில் ஆச்சரியமில்லை. அதனால் கியர் பாக்ஸும் எஞ்சினும் சேர்ந்தே சூடேறினால் நான் இப்போது கியர் பாக்ஸைத் தொடுவதே இல்லை. நேராக வண்டியின் பின்பக்கம் போவேன். ரேடியேட்டர் பின்னால் இருக்கும் வண்டிகளில், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாயிலிருந்து வரும் ஆயில் ஆவியும் சாலைப் புழுதியும் சேர்ந்து உள்பக்கமாகப் படியும். வெளியே நின்று பார்த்தால் பளிச்சென்று இருக்கும். உள்ளே டார்ச் அடித்தால் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் ஒட்டியிருக்குமே, அந்தப் பிசுக்குதான், விரல் கனத்துக்கு. ஒரு வண்டியை மதியம் முழுக்கக் கழுவினேன். தண்ணீரை வேகமாக அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்கள் மடங்கிவிடும். அதனால் கரைசலை ஊற்றி, ஊறவிட்டு, மெல்லக் கழுவி, மறுபடி ஊற்றி. கியர் பாக்ஸையே இறக்கி மாற்ற வேண்டும் என்று வேறொரு இடத்தில் சொல்லி அனுப்பிய வண்டி அது. அதே ஏற்றத்தில் 25 டிகிரி குறைந்தது.

கியர் பாக்ஸ் ஆயிலைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் ரிடார்டர் உள்ள வண்டியில் இறக்கத்திலும் சூடேறும். வண்டியின் வேகத்தை ஆயில் விழுங்குகிறது, அவ்வளவுதான். ஜனவரியில் இதற்கு நேர்மாறாக, “130-க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது” என்று ஒருவர் வந்தார். கடைக்கும் முகாமுக்கும் மட்டும் ஓட்டியிருக்கிறார். போய் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள் என்றேன்.

நிஜமாகவே எல்லை தாண்டினால் செய்ய வேண்டியது சுலபம். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை 1,200 முதல் 1,500 ஆர்.பி.எம். வரை ஓடவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால்தான் எங்களைக் கூப்பிட வேண்டும். பதற்றத்தில் எஞ்சினை உடனே அணைத்துவிடுபவர்கள்தான் அதிகம். அணைத்ததும் ஆயிலும் கூலன்ட்டும் சுற்றுவது நின்றுபோகும்.

அந்தப் பெரியவர் இரண்டாவது மீட்டரைக் கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த ஏப்ரலில் சர்வீஸுக்கு வந்தபோது பார்த்தால் அது அங்கேயே இருந்தது. கீழே ஒரு துண்டு டேப் ஒட்டி, கொட்டை எழுத்தில் 300 என்று எழுதியிருந்தார். டாஷ்போர்டு மீட்டரின் கீழே இன்னொரு டேப், அதில் 250.