நம்பர் 17 ஏன் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தார்

ஹூஸ்டன்ல ஒரு லா ஆபீஸ்ல பாராலீகலா, அதாவது லாயருக்கு உதவியாளரா இருக்கேன், பெரும்பாலும் ரோட் ஆக்ஸிடென்ட் கேஸ்தான். ஜூரி செலக்‌ஷன் அன்னிக்கு லாயர் பக்கத்துல உக்காந்து, கேஸ கேட்டு முடிவு சொல்ற ஜூரிக்காக வந்திருக்கற பொதுஜனத்துல எந்த நம்பர் என்ன சொல்லுச்சுன்னு சீட்டிங் சார்ட்ல கிறுக்கிட்டே இருக்கணும். இப்படி அவங்களக் கேள்வி கேட்டு ஆள் எடுக்கறத மத்த ஊர்ல வுவா டீர்ம்பாங்க, அத டெக்சாஸ்காரங்க வோர் டயர்ம்பாங்க, சேந்த புதுசுல எனக்கு பஞ்சர் கடைதான் ஞாபகம் வந்துச்சு.

செலக்‌ஷன்னு பேருதான், உண்மையில கழிச்சுக் கட்டறதுதான் நடக்கும். டிஸ்ட்ரிக்ட் கோர்ட் சிவில் கேஸ்ல 12 பேர் வேணும். ரெண்டு சைடும் காரணம் சொல்லாம ஆளுக்கு 6 பேர நீக்கலாம், மிச்சத்துல வரிசைப்படி மொத 12 பேர் ஜூரி. அப்ப 24க்கு மேல இருக்கறவங்க நிம்மதியா இருக்கலாம்னு தோணும்ல, ஆனா என்னால நடுநிலையா இருக்க முடியாதுன்னு ஒத்துக்கறவங்கள ஜட்ஜே அனுப்பிடுவார், அதுக்கு லிமிட்டே கிடையாது, அதனால நம்பர் 33 கூட மாட்டியிருக்கு.

ஆனா அத ஒத்துக்க வைக்கறதுதான் கஷ்டம். நியாயமா இருப்பீங்களான்னு கேட்டா எவன் இல்லம்பான்? எங்க லாயர் வேற மாதிரி கேப்பார். "வலிக்கெல்லாம் காசு கேக்கறது சரியில்லன்னு நெனைக்கறவங்க நெறைய பேர் உண்டு, இங்க யாரு?" ஒருத்தர் தயங்கி நம்பர் கார்ட தூக்குவார், லாயர் கோச்சுக்காம தேங்க்ஸ் சொல்லி இன்னும் பேச விடுவார், அதப் பாத்து பின்னாடி அஞ்சாறு கார்டு மேல போகும்.

ஆரம்பத்துல நான் "17, கை கட்டியிருக்கார், மொறைக்கறார், வேணாம்"னு எழுதிக் குடுத்தேன். லாயர் பேனாவால அடிச்சுட்டார். காரணம் சொல்ல வேணாம்னாலும் இனத்த வச்சு நீக்கக் கூடாது, 1986ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட பேட்சன் தீர்ப்பு, 1991ல சிவில் கேஸுக்கும் வந்துருச்சு. "எதிர் சைடு அப்ஜெக்‌ஷன் பண்ணி ஜட்ஜ் கேட்டா மொறைச்சார்னா சொல்லுவேன்?"னார்.

எங்கப்பாவுக்கு ஜூரின்னா பாகவதரும் கலைவாணரும்தான். லட்சுமிகாந்தன் கொலை கேஸ்ல 1945ல ஜூரி குத்தவாளின்னுச்சு, 1947ல அப்பீல்ல வெளிய வந்தாங்க. போன் பண்ணும்போதெல்லாம், "மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடாதா?"ம்பார்.

அப்புறம் சிட்டிசன் ஆனேன், ஜூரிக்கு வரச் சொல்லி எனக்கே சம்மன் வந்துச்சு. நம்பர் 9. மேல ஏசி நேரா தலையில இறங்குது, ஸ்வெட்டர் கார்ல, கையக் கட்டிக்கிட்டு நடுங்கிட்டு உக்காந்திருந்தேன். லாயர் ஏதோ கேட்டார், ஊர்ல ஆட்டற மாதிரி தலைய ஆட்டினேன். கோர்ட் ரிப்போர்ட்டர் விரல நிறுத்திட்டு நிமிந்து பாக்குது, ஆமாவா இல்லையா, வாயால சொல்லுங்கன்னு ஜட்ஜ். அந்த நேரம் எதிர்ல ஒரு பொண்ணு சார்ட்ல என் கட்டத்துல ரொம்ப நேரமா என்னமோ எழுதுச்சு, எனக்கு எட்டிப் பாக்கணும் போல இருந்துச்சு. லா ஆபீஸ் ஆளாச்சே, எப்படியும் நீக்கிட்டாங்க, எந்த சைடுன்னு தெரியல.

இப்பல்லாம் சார்ட்ல மொத வேலையா ஏசி எங்கருந்து அடிக்குதுன்னு ஒரு அம்புக்குறி போட்டுடறேன். அதுக்குக் கீழ இருக்கறவங்க கை கட்டினா நான் எதுவும் எழுதறதில்ல.