படம் எனக்கு முன்னாலேயே அழுதுவிட்டால்

படத்தில் யாராவது அழத் தொடங்கினால் எனக்கு முதலில் காதுதான் வேலை செய்யும். வயலின் வந்துவிட்டதா, குழலும் சேர்ந்துகொண்டதா, கெமரா முகத்துக்குக் கிட்டப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாம் வந்துவிட்டால் சரி, அழுகிற வேலையைப் படமே எடுத்துக்கொண்டது, நான் நிம்மதியாக மிக்சர் சாப்பிடலாம். வீட்டில் இதற்காக எனக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர்.

இந்த மழையில் வெளியே இறங்க மனமில்லாமல் கொஞ்சம் பழைய படங்கள், கொஞ்சம் புதிய படங்கள் என்று மாறி மாறிப் பார்த்தேன். எதை எங்கே எப்படிப் பார்த்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள், கொழும்பில் இருப்பவர்களுக்கு அது தெரியும்.

முதலில் டூரிஸ்ட் ஃபேமிலி. 2025 மே மாதம் இது வந்தபோது வெள்ளவத்தையில் யாரைக் கண்டாலும் "பாத்தாச்சே?" என்பதுதான் பேச்சு, மரக்கறிக் கடையில்கூட. எல்லாரும் ஒரே நேரத்தில் புகழ்ந்தால் எனக்கு அந்தப் படத்தின் மேல் காரணமில்லாத ஒரு கோபம் வரும், அதனால் அப்போது போகவில்லை. இப்போது பெரியம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பெரியம்மா பருத்தித்துறை, படத்தில் வருகிற குடும்பம் அதற்குப் பக்கத்து ஊரான வல்வெட்டித்துறை, அதனால் முதல் காட்சியிலிருந்தே அவர் பரீட்சை மேற்பார்வையாளராகிவிட்டார். சிம்ரன் பேசும்போது "பரவாயில்லை, பிள்ளை கஷ்டப்பட்டுக் கதைக்குது" என்று பாஸ் போட்டார். சசிகுமார் அங்கங்கே மதுரைப் பக்கம் போய்வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது போதும்.

எனக்குப் படத்தின் முதல் பாதி உண்மையாகவே பிடித்தது. கள்ளத்தனமாகப் படகில் போய் ராமேஸ்வரத்தில் இறங்கிய நேரத்திலும் அந்தக் குடும்பம் ஒருவரையொருவர் நக்கலடித்துக்கொள்கிறது, சின்னவன் முள்ளி பொலிஸ்காரனிடமே வாய் காட்டுகிறான். இலங்கைத் தமிழர்களான எங்களைப் பற்றி இந்தியாவில் எடுக்கிற படங்களில் நாங்கள் சிரிப்பதே இல்லை என்பது என் நீண்டநாள் முறைப்பாடு, எப்போதும் தூரத்தைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விடுகிற சனமாகவே வருவோம். இருபதுகளின் நடுவில் இருக்கிற அபிஷன் ஜீவிந்த் தன் முதல் படத்திலேயே அதை உடைத்துவிட்டார், அதற்கு அவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

ஆனால் ஒன்று. 2022 மார்ச்சில் இங்கே பொருளாதார நெருக்கடி தாங்க முடியாமல் படகேறி தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கியவர்களை மண்டபம் அகதி முகாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். படத்திலோ ஒரு பொலிஸ்காரர் மனமிரங்கி விட்டுவிடுகிறார், அவர்கள் நேரே சென்னையில் ஒரு தெருவில் வீடெடுத்து, கேட்பவர்களுக்குக் கேரளா என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். ஒரு கதைக்கு ஒரு பொய் என்று நான் எப்போதும் விட்டுக்கொடுப்பேன். அதற்குப் பிறகு அந்தத் தெரு முழுக்க ஒவ்வொருவராக நல்லவராகிக்கொண்டே போகிறார்களே, அங்கேதான் எனக்கு மூச்சு முட்டியது. இரண்டாம் பாதியில் ஷான் ரோல்டனின் இசை நான் அழ வேண்டிய இடத்துக்கு எனக்கு முன்னாலேயே போய்க் காத்துக்கொண்டிருந்தது.

இதில் விதிவிலக்கு அந்த வயதான அம்மாவின் சாவு வீடு. பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார், தெருவில் யாருக்கும் யாரையும் தெரியாது, புதிதாகக் குடிவந்தவன் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூப்பிடுகிறான். கொழும்பில் தொடர்மாடியில் இருக்கிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுச் சும்மா எழும்பிப் போக முடியாது. எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடி ஐயா தவறியது, கீழே மலர்ச்சாலையின் வாகனம் வந்து நின்று, வாகனத் தரிப்பிடத்தில் யாரோ கார் எடுக்க முடியாமல் சத்தம் போட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். லிஃப்டில் பார்த்துச் சிரித்த முகம், பெயர் தெரியாது. மரண அறிவித்தல் ஒட்டியபோதுதான் அவர் ஓய்வுபெற்ற அதிபர் என்று வாசித்தேன். சரி, அந்த இடத்தில் நான் அழுதேன். மிக்சர் பக்கத்திலேயே இருந்தது.

மெய்யழகனுக்கு என் விதி ஒத்துவரவில்லை. அதில் அரவிந்த்சாமி நன்றாகவே அழுகிறார், கோவிந்த் வசந்தாவின் இசையும் நன்றாகவே அழுகிறது, ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை, யோசித்துப் பார்த்தால் காரணம் அந்த அழுகைக்குக் கீழே கிடக்கிற அற்பமான விஷயம். தன் மேல் அவ்வளவு அன்பு வைத்திருக்கிற மனிதனின் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை, கேட்கவும் வெட்கம். கலியாண வீடுகளில் "என்னை ஆரெண்டு சொல்லு பாப்பம்" என்று கன்னத்தைக் கிள்ளுகிற மாமிமாரிடம் மாட்டிக்கொண்ட எல்லாருக்கும் அந்த வேதனை தெரியும். சிரிப்பிலிருந்து கிளம்புகிற அழுகை என்றால் நான் ஏமாந்துபோகத் தயார். 2024 இல் படம் வந்த சில நாட்களிலேயே நீளம் என்று சொல்லிப் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். எனக்கென்றால் வெட்டாமலே விட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது, இரவு முழுக்க இரண்டு பேர் கதைத்துக்கொண்டே இருக்கிற படத்தில் எதை நீளம் என்பது?

அப்பாவும் இதைப் பார்த்தார். சொந்தக்காரர்களோடு ஏற்பட்ட சொத்துத் தகராறில் அரவிந்த்சாமியின் குடும்பம் 1996 இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போகிறதே, எங்களுக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக் கதை இருக்கிறது, அதனால் அப்பா கொஞ்சம் உருகுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படம் முடியும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "அந்த வீட்டு உறுதி ஆற்ற பேரில இருந்தது? அதைச் சொல்லேல்லையே" என்றார். இரண்டு நாளாக அதே கேள்வி. படத்தை எடுத்த பிரேம்குமார் இதை வாசித்தால் தயவுசெய்து பதில் சொல்லவும்.

ராணி பற்றி ஏற்கனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அசோக ஹந்தகமவின் சிங்களப் படம், 2025 ஜனவரியில் வந்தது, அது ஓடிய காலத்திலேயே தியேட்டரில் பார்த்தேன். தியேட்டரின் பெயர் வேண்டாம், இடைவேளைக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு இடத்தில் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள், பக்கத்தில் இருந்தவர் ரோல்ஸ் வாங்க என் காலை மிதித்துக்கொண்டு போனார். மனோராணி சரவணமுத்து ஒரு டொக்டர், தமிழ்ப் பெண், ஊடகவியலாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் தாய். 1990 பெப்ரவரியில் ரிச்சர்டைக் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள், மொரட்டுவைக் கடற்கரையில் உடல் கிடைத்தது. படம் வந்தபோது சர்ச்சை எதைப் பற்றி நடந்தது தெரியுமா? அந்தத் தாய் குடிப்பதாகவும் புகைப்பதாகவும் காட்டியது சரியா என்று. மகனைக் கடத்திக் கொன்றதைப் பற்றிய படத்தில் அம்மாவின் சிகரெட்டைத்தான் நாங்கள் எண்ணினோம். ஸ்வர்ணா மல்லவாராச்சி அந்தப் பாத்திரத்தில் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை, எனக்கு அது போதுமாயிருந்தது. வசனங்கள் சில இடங்களில் மேடை நாடகம்போல நீட்டி முழக்குகின்றன, அது உண்மை.

இதில் கொஞ்சமும் அழாத படம் என்றால் பரடைஸ். பிரசன்ன விதானகே 2023 இல் எடுத்தது, பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசொக் விருது கிடைத்தது. முன்பு பார்த்தபோது, நல்ல படம், ஆனால் என்ன இவ்வளவு குளிர் என்று நினைத்தேன். இந்தமுறை அந்தக் குளிர்தான் பிடித்தது. ஒரு மலையாள இளம் தம்பதி, ஐந்தாவது கலியாண நாளைக் கொண்டாட இலங்கை மலைநாட்டுக்கு வருகிறார்கள், சீதை இருந்த இடம், இராவணன் கிடக்கிற இடம் என்று சுற்றுலா. வருடம் 2022. நாங்கள் இங்கே 13 மணித்தியால மின்வெட்டில் விசிறியால் விசிறிக்கொண்டு, பெட்ரோல் வரிசையில் இரவைக் கழித்துக்கொண்டு, காஸ் சிலிண்டருக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவைத்துக்கொண்டு இருந்த அதே வருடம். அவர்களுக்கு அது வசதியான வருடம், எல்லாம் மலிவு. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அந்த மாதங்களில் காலிமுகத்திடல் பக்கம் வந்த வெளிநாட்டுக்காரர்களும் அரசுக்கு எதிரான எங்கள் போராட்டத்தைப் படமெடுத்துவிட்டு ஹோட்டலுக்குப் போனார்கள்தான்.

அப்புறம் அவர்களுடைய சாமான் திருட்டுப் போகிறது. கணவன் பொலிஸை நெருக்குகிறான், நெருக்க நெருக்க பொலிஸுக்கு யாரையாவது கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும், யாரை நிறுத்துவார்கள் என்பது இந்த நாட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தோட்டத்துத் தமிழ் இளைஞர்கள். "இவங்கள்தானா?" என்று கேட்கிற இடத்தில் ரொஷான் மாத்யூவின் முகத்தைப் பாருங்கள், அவனுக்கு உறுதியாகத் தெரியாது, ஆனால் ஆம் என்று சொன்னால் காரியம் முடிந்துவிடும், விடுமுறையைத் தொடரலாம். அந்தக் கண நேரத் தயக்கத்தை இசை வந்து விளக்கவில்லை. தர்ஷனா ராஜேந்திரன் பக்கத்தில் நின்று கணவனைப் பார்க்கிறாள், அன்றிலிருந்து அவள் பார்க்கிற விதமே மாறிப்போகிறது, அதற்கும் யாரும் விளக்கம் கொடுக்கவில்லை. மகேந்திர பெரேராவின் சார்ஜன்ட் பண்டாரவை வெறுக்கவும் முடியவில்லை, அவரைப் போன்ற ஒருவரிடம் நானே அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நின்றிருக்கிறேன், மரியாதையாகத்தான் பேசுவார்கள், அந்த மரியாதைதான் வயிற்றைக் கலக்கும்.

எனக்கு ஒரு குறை இருக்கிறது. கதை கடைசிவரை விருந்தாளிகளின் கண்ணாலேயே போகிறது. அடிபட்டவனின் லயத்துக்குள், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்குள், கெமரா போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. இதைச் சொன்னதும் ஹட்டனில் பிறந்த என் சிநேகிதி, "உட்கார்ந்திருந்தா அங்க ஒரு சோகப் பாட்டு போட்டிருப்பாங்க, விடு" என்றாள். அதுவும் சரிதான். மலையகம் என்றாலே பனிமூட்டமும் கொழுந்துக் கூடையும் ஒரு ஒப்பாரியும் என்று நாங்களும் எத்தனை குறும்படம் எடுத்துத் தள்ளியிருக்கிறோம்.

லப்பர் பந்து பற்றிக் கடைசியில் எழுதுவதால் குறைவாக நினைக்காதீர்கள், நான் அதிகம் தடவை பார்த்தது அதுதான். ஒரு ஊர் கிரிக்கெட், வயது ஏறிய ஒரு பேட்ஸ்மன், அவருடைய பலவீனம் தெரிந்த ஒரு இளம் பவுலர், அந்த பவுலருக்கு அவருடைய மகள் மேலேயே காதல். இவ்வளவுதான். இங்கே ஒழுங்கைகளிலும் கடற்கரையிலும் சொஃப்ட்போல் விளையாடி வளர்ந்த எந்தப் பெடியனுக்கும் அட்டகத்தி தினேஷ் நடித்த கெத்து என்கிற அந்த பேட்ஸ்மன் மாதிரி ஒரு மாமா இருப்பார், சனிக்கிழமை வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மட்டையோடு போகிறவர். அவர் களமிறங்கும்போது 1989 இல் வந்த விஜயகாந்தின் பொன்மனச் செல்வன் பாட்டு ஒலிக்கிறது, இளையராஜா போட்டது, இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஆளைத் தூக்குகிறது. ஜோலி ஃபிரண்ட்ஸ் அணியில் நன்றாகப் பந்து போடுகிறவனைச் சாதி பார்த்து ஏன் சேர்க்கமாட்டேன் என்கிறார்கள் என்பதற்குப் படம் பிரசங்கம் செய்யவில்லை, யாரை எங்கே நிறுத்துகிறார்கள் என்று காட்டிவிட்டு அடுத்த ஓவருக்குப் போய்விடுகிறது. தமிழரசன் பச்சமுத்துவுக்கும் இது முதல் படம். முதல் படக்காரர்களுக்கு இந்த வருடங்களில் என்ன ஆகியிருக்கிறது என்று தெரியவில்லை, நன்றாக ஆகியிருக்கிறது.

கெத்துவின் மனைவியாக வருகிற சுவாசிகா டிராக்டரில் வந்து பிட்ச்சை உழுகிற காட்சி இருக்கிறதே, அதை நான் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். சனிக்கிழமை தம்பியின் கூட்டாளிகள் வருகிறார்கள், அவர்களுக்காக மறுபடியும் போடப்போகிறேன். அந்த டிராக்டர் வருகிற நேரம் யாராவது போனைப் பார்த்தால் அவருக்குச் சாப்பாடு கிடையாது.