சுஷி பார்சல்: மீனுக்குக் குளிர், சோற்றுக்கு வேண்டாம்

சுஷி என்பது புளிப்புச் சோற்றோடு மீனோ காய்கறியோ சேர்த்த ஜப்பானிய உணவு. அதன் பார்சலில் முதலில் யோசிக்க வேண்டியது சோற்றைப் பற்றி. மீன் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். சோறு குளிர்ந்தால் பதம் கெட்டுவிடும். இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்து, சித்திரை வெயிலில் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் கொண்டுவந்தால், இரண்டில் ஒன்று வீணாவது நிச்சயம். அதனால் வீடு எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

பொன்னி அரிசி உதிரும். சுஷிக்கான ஜப்பானியக் குட்டை அரிசி ஒட்டும். வெந்த சோற்றில் அரிசி வினிகர், சர்க்கரை, உப்பு கலந்து, உடல் சூட்டுக்கு ஆறியதும் பிடிப்பார்கள். ஃப்ரிட்ஜின் 4 டிகிரி குளிரில் அதன் மாவுச்சத்து மறுபடி இறுகி, சோறு விறைத்துப்போகும். வெளியே வைத்தால் சோற்றில் வளரக்கூடிய பேசிலஸ் சீரியஸ் கிருமியை வினிகரின் புளிப்பு அடக்கிவைக்கும். ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக்குக் கட்டிக்கொண்டு போகும் புளியோதரை சாயங்காலம் வரை தாங்குவதும் புளிப்பின் துணையால்தான். ஆனால் அந்தப் புளிப்பு மேலே வைத்த பச்சை மீனைக் காப்பாற்றாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால், குளிர்ச்சியில்லாமல் ஒரு மணி நேரம்தான் கெடு. நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அந்தக் கணக்குதான்.

வீடு கால் மணி நேரத்தில் வந்துவிடும் என்றால் நிகிரி (பிடித்த சோற்றின்மேல் மீன் துண்டு), ரோல் (நோரி என்ற கடற்பாசித் தாளில் சுருட்டியது) எதுவும் வாங்கலாம். கூம்பாகச் சுருட்டிய தெமாகியை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் நோரித் தாள் சில நிமிடங்களிலேயே ஈரம் இழுத்துச் சவசவவென்று ஆகிவிடும். தூரம் அதிகமென்றால் வெள்ளரிக்காய் ரோல், வேகவைத்த இறால், சுட்ட விலாங்கு, இனாரி. பார்சலுக்கென்றே பிறந்தது இனாரிதான் என்பேன். சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்த டோஃபு (சோயா பனீர்) பைக்குள் சோறு இருப்பதால் காய்ந்துபோகாது, நோரியும் கிடையாது. மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புரா ரோல் வாங்கினால் மூடியைச் சற்றுத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். ஆவி உள்ளேயே நின்றால் மொறுமொறுப்பு போய்விடும்.

பச்சை மீன்தான் வேண்டும், தூரமும் அதிகம் என்றால் நிகிரி வேண்டாம். மீனை சஷிமியாக, அதாவது சோறில்லாத வெறும் துண்டுகளாகத் தனி டப்பாவிலும், சோற்றை வெள்ளரி ரோலாக இன்னொன்றிலும் கேளுங்கள். தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பேக், அதன்மேல் சஷிமி. சோற்று டப்பாவைப் பெட்டிக்கு வெளியே தனிப் பையில் வையுங்கள். ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டினால் துண்டுகள் சரிந்து பிரிந்துவிடும். கால் வைக்கும் இடத்தில் தட்டையாக வையுங்கள். டெலிவரி ஆளின் பையில் சூடான பிரியாணியோடு சேர்ந்து வருவதைவிட நேரில் போய் வாங்குவது மேல். நீங்கள் போய் நின்ற பிறகு சுருட்டித் தரச் சொன்னால் இன்னும் நல்லது.

கடையில் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி: பச்சையாகத் தரும் மீனை எப்படி உறையவைத்தீர்கள்? புழுக்கள் சாக மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35-இல் உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம் வைப்பது முறை. சூரை மீனுக்கும் பண்ணை சால்மனுக்கும் இதில் விலக்கு உண்டு. நாகப்பட்டினத்தில் இன்று காலை இறங்கிய மீன் என்பது குழம்புக்குச் சிறப்பு, பச்சையாகத் தின்பதற்கு உத்தரவாதம் ஆகாது. ஆற்று மீனைப் பச்சையாகத் தொடவே வேண்டாம். மின்வெட்டின்போது குளிர்பெட்டிக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சூரை வெப்பத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும். பிறகு வறுத்தாலும் அது போகாது. கர்ப்பிணிகளுக்குப் பச்சை மீன் வேண்டாம்.

சைவக்காரர்கள் கவனிக்க: ‘வெஜ்’ என்று எழுதியிருந்தாலும் மிசோ சூப்பிலும் இனாரியிலும் காய்ந்த சூரை மீன் போட்ட தாஷி என்ற சாறு இருக்கலாம். நண்டுக் குச்சி என்பதும் அரைத்த மீன். மயோனைஸில் முட்டை உண்டு. இந்தப் பொருள்களின் பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றாக விசாரியுங்கள்.

சாப்பிடும்போது நிகிரியைக் கவிழ்த்து, மீன் பக்கத்தை மட்டும் சோயா சாஸில் தொடுங்கள். சோறு நனைந்தால் உதிர்ந்துவிடும், உப்பும் ஏறும். இஞ்சி ஊறுகாய் ஒரு மீனுக்கும் அடுத்ததற்கும் நடுவே வாயைச் சுத்தம் செய்ய; மேலே வைத்துச் சாப்பிடுவதற்கில்லை. பாக்கெட்டில் வரும் பச்சை வசாபி பெரும்பாலும் குதிரைமுள்ளங்கியும் கடுகும் நிறமும்தான். காரம் மூக்கில் ஏறும், மிளகாய்போல நாக்கில் நிற்காது. மிளகளவு போதும்.

பச்சை மீன் மிச்சமானால் மறுநாளுக்கு வைக்காதீர்கள். சமைத்த ரோல் மிஞ்சினால் சாப்பிட்டு முடித்த கையோடு இறுக்கமாகச் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலை அடித்த முட்டையில் முக்கி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, நடுச்சோறு வரை சூடேறும்படி மிதமான தீயில் இருபுறமும் சுட்டால் விறைத்த சோறு மறுபடி இளகிவிடும்.